டிராகன் பால் ஃபைட்டர்ஸ்: முதல் பத்து மணி நேரத்தை எப்படி ஆடுவது

அனிமேவை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை, தழுவி வந்த ஒரு சண்டை விளையாட்டை முதன்முறையாகத் திறப்பவருக்கு அதைப் பற்றிய அபிப்பிராயம் முதல் ஐந்து நிமிடத்திலேயே உருவாகிவிடுகிறது. அது பெரும்பாலும் கண் உருவாக்கும் அபிப்பிராயம். கைக்கு அதில் இன்னும் பங்கு இருப்பதில்லை. பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைகளில் தம்பி முறையுள்ள பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் கூடி ஆடுவது வழக்கம். டிராகன் பால் ஃபைட்டர்ஸ் விளையாட்டைப் புதிதாகத் தொடங்கிய பலரை அங்கே பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். சிலர் அதன் அழகில் மயங்கி இரண்டு நாள் ஆடிவிட்டு, அழகு பழகியதும் விட்டுவிட்டார்கள். வேறு சிலர் முதல் நாளே ஆன்லைனுக்குச் சென்று பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்று, இது நமக்கானது அல்ல என்று முடிவு கட்டினார்கள். இரு சாராருமே விளையாட்டைச் சந்திக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்பது என் எண்ணம். முதல் பத்து மணி நேரத்தை எந்த வரிசையில் செலவிட்டால் ஒரு நேர்மையான முதல் அபிப்பிராயம் கிடைக்கும் என்பதைச் சொல்லவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜப்பானின் யோகோஹாமாவைச் சேர்ந்த ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் உருவாக்கி, பண்டாய் நாம்கோ வெளியிட்ட இந்த விளையாட்டு 2018 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றிலும், அதே ஆண்டு செப்டம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் வந்தது. ஆன்லைன் ஆட்டத்தைப் பெரிதும் மேம்படுத்திய ‘ரோல்பேக்’ முறை 2024-இல் கணினி, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் பதிப்புகளுக்கு மட்டுமே கிடைத்தது. வீட்டில் இருவர் அருகருகே அமர்ந்து ஆடுவதற்கு எந்தப் பதிப்பும் போதும். வெளியூர் நண்பர்களோடு ஆட நினைப்பவர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அடிப்படைப் பதிப்பில் 24 வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் ஆடத் தொடங்கிய பின்னரே திறக்கப்படுபவர்கள். 2022 வரை தனியே விற்கப்பட்டவர்களையும் சேர்த்தால் மொத்தம் 44 பேர். முதல் பத்து மணி நேரத்துக்கு அந்த 24 பேரே மிக அதிகம் என்பதால், தொடக்கத்திலேயே எல்லாம் அடங்கிய பெரிய தொகுப்பை வாங்க வேண்டிய தேவை இல்லை.

முதல் ஒரு மணி நேரத்தைக் கண்ணுக்கே கொடுத்துவிடுங்கள். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஓடிய டிராகன் பால் இசட் தொடரைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பார்த்த தலைமுறை எங்களுடையது. அந்தத் தலைமுறைக்கு இந்தத் திரை தருகிற மகிழ்ச்சி சிறியதன்று. ஆனால் வியப்போடு நின்றுவிடாமல், அந்த அழகு எப்படி உண்டாகிறது என்றும் கவனியுங்கள்.

திரையில் தெரிவது கையால் வரைந்த ஓவியம் போல இருந்தாலும் ஒவ்வொரு வீரரும் முப்பரிமாண உருவமே. 2014-இல் வந்த கில்டி கியர் எக்ஸ்ஆர்டி விளையாட்டில் இதே நிறுவனம் கைவரப்பெற்ற நுட்பம் இது. அதன் ஓவிய முறையை அந்நிறுவனத்தின் ஜூன்யா மோட்டோமுரா, விளையாட்டு உருவாக்குநர்கள் கூடும் 2015 ஜிடிசி மாநாட்டில் விரிவாக விளக்கியிருக்கிறார். வழக்கமான முப்பரிமாண விளையாட்டில் ஒரு கை இங்கிருந்து அங்கே செல்ல வேண்டுமானால் இடைப்பட்ட அசைவுகளைக் கணினியே நிரப்பி வழுவழுப்பாக்கிவிடும். இங்கே அந்த நிரப்புதலை விலக்கிவிட்டு, ஓவியர் அமைத்த ஒரு நிலையைச் சில ஃபிரேம்கள் (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் தனிப் படங்கள்) அப்படியே நிறுத்தி வைத்து, பிறகு அடுத்த நிலைக்குத் தாவச் செய்கிறார்கள். முகத்தில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதையும் வெளிச்சத்தின் போக்கில் விட்டுவிடாமல் ஓவியர்கள் கையாலேயே திருத்துகிறார்கள். டிரெய்னிங் மோடில் தொடரின் நாயகன் கோக்குவைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஒளிக்கற்றைத் தாக்குதலான காமேஹாமேஹாவை ஐந்தாறு முறை மெதுவாகச் செய்து பார்த்தால், விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடும்போதே உருவம் மட்டும் அனிமேவின் வெட்டு வெட்டான நடையில் அசைவதைக் காணலாம்.

இதைச் சொல்வதில் ஒரு பயனும் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் தெளிவாக நிறுத்தப்பட்ட ஒரு நிலையில் தொடங்குவதால், எதிராளி என்ன செய்யப் போகிறார் என்பதைக் கண்ணால் படித்துக்கொள்ள இயலும். இந்த விளையாட்டில் அழகும் ஆட்டமும் அப்படி ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. குரலை ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிட்டுக் கேட்கும்படியும் பரிந்துரைக்கிறேன். 1986-இல் அனிமே தொடங்கிய நாளிலிருந்து கோக்குவுக்குக் குரல் கொடுத்துவரும் மசாகோ நோசாவாவே இங்கும் பேசுகிறார்.

அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் தொலைக்காட்சியின் அமைப்பில் ‘கேம் மோடு’ இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் நேரம் பல ஃபிரேம்களை விழுங்கிவிடக்கூடும். நீங்கள் அழுத்தியது தாமதமாகத் திரைக்கு வரும்போது, குற்றம் உங்கள் விரலில் இருப்பதாகவே தோன்றும்.

இனி கைக்கு வருவோம். லைட், மீடியம், ஹெவி, ஸ்பெஷல் என்று நான்கு பட்டன்கள். மூவர் அணியில் ஒருவர் ஆட, பக்கத்தில் நிற்கும் இரண்டு துணைவர்களை அழைக்க இரண்டு பட்டன்கள். கீழிருந்து முன்னோ பின்னோ கால்வட்டமாகச் சுழற்றி ஒரு பட்டனை அழுத்துவதைத் தாண்டிக் கடினமான கையசைவு எதையும் இந்த விளையாட்டு கேட்பதில்லை. லைட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலே வீரர் குத்தி, எதிராளியை மேலே தூக்கி, வானில் துரத்தி, கீழே அறைகிற ஒரு முழுத் தொடர் வந்துவிடும். புதியவர்கள் இதைப் பார்த்து, இவ்வளவுதானா என்று நினைத்துவிடுகிறார்கள். கதவு அகலமாகத் திறந்திருப்பதால் வீடு சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். வாசலில் தடுக்கி விழாமல் உள்ளே வரட்டும் என்பதற்காகவே இந்தத் தானியங்கித் தொடரை வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு மணி நேரம் தயங்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று பொதுச் செயல்களை, எந்த வீரரை எடுத்தாலும் செய்யக்கூடியவற்றை, கைக்குப் பழக்கிவிட வேண்டும். ஹெவியும் ஸ்பெஷலும் சேர்த்து அழுத்தினால் வருவது சூப்பர் டாஷ்; எதிராளி எங்கே இருந்தாலும் தேடிப் பறந்து செல்லும், வழியில் வரும் சிறு கீ (வீரர்களின் உள்ளாற்றல்) குண்டுகளையும் ஊடுருவிவிடும். லைட்டும் மீடியமும் சேர்த்தால் டிராகன் ரஷ். தடுத்துக்கொண்டே அமர்ந்திருப்பவரையும் அது பிடித்துவிடும், அதே இரண்டு பட்டன்களை உரிய நேரத்தில் அழுத்தினால்தான் விடுபட முடியும். மீடியமும் ஹெவியும் சேர்த்தால் வேனிஷ். கீ அளவுமானியில் ஒரு பங்கைச் செலவழித்து எதிராளியின் முதுகுப்புறம் தோன்றி அடிக்கும். அந்த அளவுமானி ஏழு பங்கு வரை நிரம்பும், பெரிய தாக்குதல்கள் அதில் மூன்று பங்கைக் கேட்கும் என்பதால், வேனிஷை வீணாக்குகிறவர் தேவையான நேரத்தில் வெறுங்கையோடு நிற்பார்.

மூவர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சிறு வயதில் உங்களுக்குப் பிடித்தவரை முதலில் வையுங்கள். பிடித்தவரோடு தோற்பதில் ஒரு பொறுமை இருக்கும். மற்ற இருவரில் ஒருவராகச் சூப்பர் சையன் வெஜீட்டாவை எடுத்துக்கொள்வது நல்லது. அவர் துணையாக வந்து பொழியும் தொடர் குண்டுகள் எதிராளியைத் தடுத்தபடியே கட்டிப்போடுவதால், நீங்கள் முன்னேற அவகாசம் கிடைக்கும். கேப்டன் கின்யூ, கிரில்லின், நாப்பா போன்றவர்கள் சுவையானவர்கள்தான். கின்யூ தன் படையை அழைக்கிறார், நாப்பா மண்ணில் சைபாமேன் என்னும் குட்டிப் போராளிகளை விதைக்கிறார். ஆயினும் அவர்களிடம் நினைவில் வைக்க வேண்டிய தனி விதிகள் அதிகம் என்பதால் அவர்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

தானியங்கித் தொடரிலிருந்து விடுபட ஒரேயொரு காம்போ, அதாவது நாமே கோக்கும் தொடரடி, போதும். கீழே அமுக்கியபடி மீடியம், நின்று மீடியம், உடனே தாவி மேலே மீடியம், லைட், லைட், ஹெவி. சிற்சில மாற்றங்களோடு பெரும்பாலான வீரர்களுக்கு இது பொருந்தும். நின்று அடிக்கும் மீடியத்துக்கும் தாவலுக்கும் இடையேதான் எல்லோருக்கும் தடுக்கும். தாவலைச் சற்று முன்னதாகவே, அடி பட்ட கணத்திலேயே, அழுத்த வேண்டும். இருபது நிமிடத்தில் பத்துக்கு ஏழு முறை வந்தால் நிறுத்திவிடலாம். விளையாட்டிலேயே ஒவ்வொரு வீரருக்கும் காம்போ சவால்கள் இருக்கின்றன என்றாலும், முதல் வாரத்தில் அவற்றில் மூழ்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. நீண்ட காம்போவைக் கற்றவர் அதைத் தொடங்குவதற்கான முதல் அடி எங்கிருந்து கிடைக்கும் என்று தெரியாமல் நிற்பதை எங்கள் வீட்டிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் அபிப்பிராயத்தை உண்மையில் தீர்மானிப்பது தடுப்பு. சிலம்பம் கற்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது: அங்கே காலடி படிந்த பின்னரே வீச்சு. இந்த விளையாட்டில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் அடிக்கத் தெரியாமல் தோற்பதில்லை. அடி வாங்கும்போதும் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதால்தான் தோற்கிறார்கள். பின்பக்கம் அழுத்தினால் தடுப்பு. தாவி வரும் அடியை நின்று தடுக்க வேண்டும், காலைக் குறிவைக்கும் அடியைக் குனிந்து தடுக்க வேண்டும். குனிந்தே இருப்பவரை அடிக்க எல்லா வீரர்களிடமும் முன்பக்கம் அழுத்தி மீடியம் என்ற மேலடி உண்டு. அது மெதுவாக வருவதால் கண்ணால் பார்த்தே எழுந்துகொள்ளலாம். பின்பக்கம் அழுத்தியபடி ஸ்பெஷலைத் தட்டினால் ரிஃப்ளெக்ட். அது கீயைச் செலவழிக்காமல் எதிராளியைத் தூரத் தள்ளிவிடுகிறது. தடுத்துக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் அழுத்தித் துணைவரின் பட்டனைத் தட்டினால், ஒரு பங்கு கீ கொடுத்து அவரை உள்ளே வரவழைத்து நெருக்கடியிலிருந்து தப்பலாம்.

இவற்றுக்கெல்லாம் முதலாக நான் வைப்பது ஒன்று உண்டு. புதியவர்களின் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி சூப்பர் டாஷாகத்தான் இருக்கும். பறந்து பறந்து வந்து மோதுவார்கள். அதற்கு மாற்று, கீழே அமுக்கி ஹெவி. மேலிருந்து வருவதை அந்த அடி வெட்டிவிடும், வெட்டியதோடு எதிராளியைத் தூக்கியும் கொடுக்கும், அங்கிருந்து உங்கள் காம்போவைத் தொடங்கலாம். டிரெய்னிங் மோடில் எதிரே நிற்கும் பொம்மை வீரருக்கு நம் அசைவுகளைப் பதிவு செய்து கொடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு முறை சூப்பர் டாஷ், ஒரு முறை சும்மா தாவுதல், ஒரு முறை எதுவும் செய்யாமல் நிற்றல் என மூன்று பதிவுகளை வைத்து, மாறி மாறி வரும்படி அமைத்து, சூப்பர் டாஷ் வரும்போது மட்டும் கீழ் ஹெவியை அழுத்திப் பழகுங்கள். கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். முதல் நாள் கண் பார்த்த பின்னும் கை உறைந்துதான் நிற்கும். தினமும் பதினைந்து நிமிடம் என்று நான்கு நாள் செய்தவர்களுக்கு ஐந்தாம் நாள் அது யோசனையின்றி வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். வேறு எதைக் குறைத்தாலும் இந்தப் பயிற்சியைக் குறைக்க வேண்டாம்.

தோற்கத் தொடங்கும்போது கைகொடுப்பது ஸ்பார்க்கிங். ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை மட்டுமே பயன்படுத்தக் கிடைக்கும் இந்த எழுச்சி, அடியின் வலிமையைக் கூட்டி, நீல நிறத்தில் தெரியும் மீட்கக்கூடிய உயிரையும் ஊற வைக்கிறது. அணியில் எத்தனை பேர் குறைந்திருக்கிறார்களோ அத்தனைக்கு அது நீளும். முதல் வீரர் சற்று அடிபட்டதுமே பதற்றத்தில் அதை எரித்துவிடாமல், கடைசி ஆளுக்காகக் காத்து வைக்க வேண்டும்.

ஸ்டோரி மோடைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதும் இல்லை. இந்த விளையாட்டுக்காகவே உருவாக்கப்பட்ட ஆண்ட்ராய்டு 21 என்ற பாத்திரத்தைச் சுற்றி மூன்று பகுதிகளாக நகரும் கதை அது. வீரர்களிடையே வரும் உரையாடல்கள் இனிமையானவை. ஆனால் ஒரே மாதிரியான நகல் வீரர்களோடு திரும்பத் திரும்ப மோத வேண்டியிருப்பதால் சலிப்புத் தட்டுகிறது, கையும் அதில் வளர்வதில்லை. களைத்துப்போன இரவுகளில் அரை மணி நேரம் ஆடலாம். அந்தச் சலிப்பை வைத்து முழு விளையாட்டையும் எடைபோட வேண்டாம்.

ஆன்லைனுக்கு ஆறாம் மணி நேரத்துக்கு மேல் செல்லுங்கள், வைஃபையில் செல்லாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு வைஃபை ஒரே காற்றில் மோதிக்கொள்ளும்போது, உங்கள் இணைப்பின் வேகம் எவ்வளவாக இருந்தாலும் அசைவுகள் விட்டு விட்டுத்தான் போய்ச் சேரும். மின்னணுப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் லேன் கேபிளை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் இணைப்பு பொருத்தி வாங்கிக்கொள்ளலாம். ரவுட்டரிலிருந்து சுவரோரமாக இழுத்துவிட்டால் தீர்ந்தது. மே மாத மாலை மழையில் மின்சாரம் போய் வருவது பெங்களூருவில் சாதாரணம் என்பதால், ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் இருந்தால் ஆட்டம் நடுவில் அறுபடாது. மடிக்கணினியில் ஆடுகிறவர்களுக்கு அது இரட்டிப்புப் பயன்.

தூரத்தையும் சற்றுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையில் இருக்கும் நண்பர் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார். போய்வர நான்கு மில்லிநொடிக்கும் குறைவு. சிங்கப்பூரில் இருப்பவர் 3,000 கிலோமீட்டருக்கு மேல். கடலடிக் கேபிள் நேராகச் சென்றாலும் போய்வர 30 மில்லிநொடிக்குக் குறையாது, அதாவது இரண்டு ஃபிரேம். நடைமுறையில் வழியில் உள்ள கருவிகளால் இது இன்னும் கூடும். பழைய முறையில் அந்தத் தாமதம் முழுவதும் உங்கள் பட்டனின் மீது வந்து அமரும். ரோல்பேக் முறையில், எதிராளி என்ன அழுத்துவார் என்பதை உங்கள் கருவியே ஊகித்து ஆட்டத்தை ஓடவிட்டு, ஊகம் தவறினால் மட்டும் சில ஃபிரேம் பின்னால் சென்று திருத்திக்கொள்கிறது. ஆகவே கைக்குத் தாமதம் தெரிவதில்லை. எப்போதாவது உருவம் ஒரு கணம் இடம் மாறித் தெரியும். சென்னை, கோவை நண்பர்களோடு தனி அறை அமைத்து ஆடுவதே தொடக்கத்தில் சிறந்தது. முகம் தெரியாதவரிடம் தோற்றால் காரணம் தெரியாது. தெரிந்தவரிடம் தோற்றால் போனில் கூப்பிட்டு, “எதை வைத்து என்னை அடித்தாய்?” என்று கேட்கலாம்.

கடைசி இரண்டு மணி நேரத்தை நேருக்கு நேர் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாமேக் கிரகத்தில் கோக்குவும் ஃபிரீசாவும் கடைசியாக நிற்க, கோக்குவின் ஹெவி அடியோடு ஆட்டம் முடிந்தால், அனிமேவின் அந்தக் காட்சியே முடிவாக விரியும். அது நடக்கும்போது அறையில் எழும் கூச்சலை எந்த ஆன்லைன் ஆட்டமும் தந்துவிட முடியாது. இந்த விளையாட்டு எவ்வளவு ஆழம் போகும் என்று அறிய விரும்புகிறவர்கள் சண்டை விளையாட்டுகளுக்கான பெரிய போட்டியான எவோவின் 2018 இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸும் ஜப்பானின் கோஇச்சியும் மோதினார்கள். சோனிக்ஃபாக்ஸ் வென்றார், அடுத்த ஆண்டு கோஇச்சி திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஏழாம் மணி நேரத்துக்கு முன்னர் பார்க்க வேண்டாம். அதற்கு முன்பு அது வெறும் வெளிச்சச் சிதறலாகத்தான் தெரியும், அதன் பிறகே அவர்கள் எந்த இடத்தில் தடுத்தார்கள், எங்கே காத்திருந்தார்கள் என்பது கண்ணில் படத் தொடங்கும்.

பத்தாம் மணி நேரம் முடிந்ததும் நீங்கள் தோற்ற ஆட்டம் ஒன்றின் பதிவைப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறை அடி வாங்கியபோதும் எதைத் தடுக்கத் தவறினீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதி இடங்களிலாவது பெயர் சொல்ல முடிந்தால், இந்த விளையாட்டைப் பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ நீங்கள் சொல்வது கண்ணும் கையும் சேர்ந்து சொல்வதாக இருக்கும். முடியாவிட்டால் இன்னும் இரண்டு மாலைகள் டிரெய்னிங் மோடில் இருங்கள்.

சென்ற மாதம் என் சித்தப்பா மகன், முதல் வாரம் முழுவதும் என் சூப்பர் டாஷில் அடிபட்டுக்கொண்டே இருந்தவன், ஒரு ஞாயிறு மாலை அசையாமல் நின்று நான் பறந்து வரும்வரை காத்திருந்து கீழ் ஹெவியால் வெட்டினான். அவனே எதிர்பார்க்கவில்லை, காம்போவைத் தொடர மறந்து என் பக்கம் திரும்பி, “அண்ணா, பார்த்துதான் அடித்தேன்” என்றான். அந்த ஆட்டத்தில் அவன் தோற்றான். ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு அவன்தான் முதலில் பட்டனை அழுத்தினான்.